கண்ணாடி ஆன்லைன்லயா, ஹை ஸ்ட்ரீட் கடைலயா? மொதல்ல உங்க பவர சொல்லுங்க

கண் டெஸ்ட் முடிஞ்சு அந்த இருட்டு ரூம்ல இருந்து வெளில வருவோம், வெளிச்சத்துல கண்ணு கூசும், டெஸ்ட் பண்ணவங்க அப்படியே கூட்டிட்டு போய் ஃபிரேம் அடுக்கி வெச்ச செவுத்துக்கு முன்னாடி நிறுத்தி இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சுட்டு போய்டுவாங்க. இங்க பிரிட்டன்ல இருக்கற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு அந்த நிமிஷத்துலதான் சங்கடம். டெஸ்டுக்கு அவ்ளோ நேரம் பொறுமையா பாத்தாங்க, இப்ப வாங்காம போனா என்ன நெனைப்பாங்களோன்னு, ஒரு ஃபிரேம எடுத்து மாட்டி, லென்ஸ தின்னா போடறோம், கோட்டிங் போடறோம்னு சொல்ல சொல்ல தலையாட்டி, பில்ல பாத்து முழிச்சுட்டு வருவோம். நானே பல வருஷம் அப்படித்தான் வாங்கினேன்.

அதனால மொதல்ல இத சொல்லிடறேன். டெஸ்ட் முடிஞ்ச உடனே ப்ரிஸ்கிரிப்ஷன உங்க கையில கொடுத்தாகணும், அது இந்த நாட்டு சட்டம், 1989ல இருந்து இருக்கு. அங்கயே கண்ணாடி வாங்கினாத்தான் தருவோம்னு யாரும் சொல்ல முடியாது. நீங்க கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் கெடையாது, "ப்ரிஸ்கிரிப்ஷன் மட்டும் குடுங்க, நான் யோசிச்சுட்டு வரேன்"னு சொன்னா போதும், அவங்களுக்கு அது தெனமும் கேக்கற வார்த்தை. டெஸ்ட் வேற, கண்ணாடி வேற. டெஸ்ட நேர்ல போய் உக்காந்துதான் பண்ணணும், அதுக்கு ஆன்லைன்ல மாத்து கெடையாது, அத தள்ளிப் போடாதீங்க. பவர் மட்டும் இல்ல, கண் அழுத்த நோய், சர்க்கரையால வர்ற பாதிப்பு இதெல்லாம் நமக்கு எதுவும் தெரியறதுக்கு முன்னாடியே அந்த டெஸ்ட்ல மாட்டலாம். ஆனா கண்ணாடிய எங்க வாங்கறதுங்கறது தனி முடிவு, வீட்டுல உக்காந்து எடுக்கலாம்.

இப்ப ஆன்லைனா கடையான்னு கேட்டா, எல்லாரும் விலைய வெச்சுதான் பேசறாங்க. நான் ரெண்டு பக்கமும் வாங்கி, ஒரு தடவ நல்லா கஷ்டப்பட்டு, கடைசியா எனக்குப் புரிஞ்சது என்னன்னா இந்த முடிவ எடுக்க வேண்டியது உங்க பர்ஸ் இல்ல, உங்க ப்ரிஸ்கிரிப்ஷன்ல இருக்கற நம்பர்.

என் கதைய சொல்றேன். எனக்கு வலது கண்ணு மைனஸ் 6, இடது மைனஸ் 5.75. கடைல ஃபிரேமும் தின் லென்ஸும் சேத்து 210 பவுண்டு சொன்னாங்க, அதே மாதிரி ஃபிரேம், அதே மாதிரி லென்ஸ் ஆன்லைன்ல 72 பவுண்டுக்கு இருந்துச்சு. யாரா இருந்தாலும் கை அங்கதான் போகும். ஆர்டர் பண்றப்ப பி.டி. கேட்டுச்சு, அதாவது ரெண்டு கண்ணு பாப்பாவுக்கும் நடுவுல எத்தன மில்லிமீட்டர்னு. அது என் ப்ரிஸ்கிரிப்ஷன்ல இல்ல. ஃபோன்ல ஒரு ஆப்ப வெச்சு மூஞ்சிய காட்டினேன், 65னு சொல்லுச்சு, போட்டுட்டேன். பத்து நாள்ல கண்ணாடி வந்துச்சு, பாக்க ரொம்ப அழகா இருந்துச்சு, எழுத்தெல்லாம் தெளிவாத்தான் தெரிஞ்சுது, ஆனா மத்தியானத்துக்குள்ள புருவத்துக்கு மேல யாரோ கட்டி இழுக்கற மாதிரி வலி. புதுக் கண்ணாடி, பழகிடும்னு ரெண்டு வாரம் போட்டேன். பழகல. கடைசில ஒரு சின்ன கடைல காசு கொடுத்து அளந்து பாத்தா என் பி.டி. 61.

நாலு மில்லிமீட்டர்தானேன்னு தோணும். இங்கதான் பவர் வருது. லென்ஸோட நடு சென்டர விட்டு எவ்ளோ தள்ளிப் பாக்கறோமோ, அத சென்டிமீட்டர்ல எடுத்து பவரால பெருக்கினா, அந்த அளவுக்கு லென்ஸ் ஒரு ப்ரிஸம் மாதிரி வேல செய்யும், அதாவது வெளிச்சத்த வளைச்சு படத்த ஒரு பக்கமா நகத்தும், ஆப்டிஷியன்கள் எல்லாரும் போடற கணக்கு இது. எனக்கு 0.4 பெருக்கல் 6, ரெண்டு கண்ணுக்கும் சேத்து கிட்டத்தட்ட 2.4 ப்ரிஸம். மைனஸ் லென்ஸோட சென்டர் ரெண்டும் வெளிப்பக்கமா தள்ளிப் போனா, படம் ரெண்டா தெரியாம இருக்க கண்ணு ரெண்டையும் வெளிப்பக்கமா இழுத்துப் பிடிக்கணும், கண்ணுக்கு உள்பக்கம் திரும்பறது சுலபம், வெளிப்பக்கம் இழுக்கறது ரொம்ப கஷ்டம். அந்த வலி அதுதான். இதே தப்பு எங்க வீட்டுக்காரருக்கு நடந்திருந்தா? அவருக்கு மைனஸ் 1.25 தான். 0.4 பெருக்கல் 1.25, அரை ப்ரிஸம். தெரிஞ்சே இருக்காது. அவரு நாலஞ்சு வருஷமா ஆன்லைன்லதான் வாங்கறாரு, வீட்டுக்கு ஒண்ணு, ஆபீஸ்க்கு ஒண்ணு, கார்ல ஒண்ணு, ஒரு குறையும் வந்ததில்ல.

ஒரே வீடு, ஒரே மாதிரி வெப்சைட், ஒருத்தருக்கு வரம், ஒருத்தருக்கு ரெண்டு வாரம் தலைவலி.

அதனால என் கணக்கு இதுதான். மைனஸா இருந்தாலும் ப்ளஸா இருந்தாலும் 3க்குள்ள, சிலிண்டர் (கண்ணோட வளைவு எல்லா பக்கமும் ஒரே மாதிரி இல்லாததுக்கு போடற பவர்) ஒண்ணு ஒண்ணரைக்குள்ள, ஒரே பவர் லென்ஸ், இப்படி இருந்தா தைரியமா ஆன்லைன்ல வாங்குங்க, கடைல மூணு மடங்கு கொடுக்க எந்த அவசியமும் இல்ல. 4 தாண்டிட்டா கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவுல இருக்கற தூரம் கூட பவர மாத்த ஆரம்பிச்சிடும், பவர் ஏற ஏற, கண்ணாடி மூக்குல எறங்கி உக்காந்தாலே வித்தியாசம் தெரியும். அங்க யோசிக்கணும். ப்ரிஸ்கிரிப்ஷன்ல ப்ரிஸம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல ஏதாவது எழுதியிருந்தா, இல்ல ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசமா இருந்தா, கடைதான்.

பி.டி. பத்தி கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா இதுலதான் நிறைய பேர் கோவப்படறாங்க. "டெஸ்ட் பண்ணாங்க, பி.டி. மட்டும் எழுதித் தர மாட்டேங்கறாங்க"ன்னு. சட்டப்படி அது ப்ரிஸ்கிரிப்ஷன்ல சேராது, கண்ணாடி செய்யறதோட ஒரு பகுதி, அதனால தரணும்னு கட்டாயம் இல்ல. சில கடைங்க கேட்டா சும்மாவே சொல்லிடுவாங்க, சிலது ஃபீஸ் கேக்கும், சிலது முடியாதுன்னுடும். ஃபீஸ் கேட்டா கொடுத்துடுங்க, அது நியாயமான காசுதான், ஒருத்தர் உக்காந்து மெஷின்ல ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியா அளக்கறாங்க இல்லையா. வீட்டுலயே அளக்கறதா இருந்தா மில்லிமீட்டர் ஸ்கேல எடுத்து இன்னொருத்தர உங்க முன்னாடி உக்கார வெச்சு, நீங்க அவர் தலைக்கு மேல தூரத்துல ஒரு இடத்த பாருங்க, அவர பாத்தா கண்ணு உள்ள வந்துடும், அளவு ரெண்டு மூணு மில்லிமீட்டர் கம்மியா வரும். மூணு தடவ அளந்து மூணும் ஒண்ணா வந்தா நம்பலாம். பெரும்பாலான பெரியவங்களுக்கு 54ல இருந்து 74 வரைக்கும் இருக்கும், அதுக்கு வெளிய வந்தா ஸ்கேல புடிச்சதுல தப்பு இருக்கலாம், மறுபடி அளந்து பாருங்க. ஃபோன் ஆப்ல நெத்தில பேங்க் கார்ட வெச்சுக்க சொல்றது எதுக்குன்னா, எல்லா கார்டும் உலகம் பூரா ஒரே அகலம், 85.6 மில்லிமீட்டர், அத வெச்சு கணக்கு போடும். நான் யூஸ் பண்ண ஆப் கார்டே கேக்கல, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்.

ஃபிரேம் சைஸ் இன்னொரு விஷயம், இத யாருமே சொல்லித் தரதில்ல. இப்ப போட்டிருக்கற கண்ணாடிய கழட்டி காதுக் கொம்போட உள்பக்கம் பாருங்க, 52 18 140ன்னு ஏதாவது மூணு நம்பர் இருக்கும். மொதல் நம்பர் ஒரு லென்ஸோட அகலம், ரெண்டாவது மூக்கு மேல உக்கார்ற பாலம், மூணாவது கொம்போட நீளம். மொத ரெண்டையும் கூட்டுங்க, அது ஃபிரேமோட சென்டர் தூரம், அது உங்க பி.டி.க்கு எவ்ளோ பக்கத்துல இருக்கோ அவ்ளோ நல்லது. நான் ஆசப்பட்டு எடுத்தது 54 18, அதாவது 72, என் பி.டி. 61, ஆக ஒவ்வொரு லென்ஸையும் அஞ்சரை மில்லிமீட்டர் உள்ள தள்ளி வெட்டணும், அப்ப காது பக்கம் ஓரம் பட்டையா தடிச்சு நிக்கும். இப்ப போட்டிருக்கறது 47 20, கூட்டினா 67, மூணு மில்லிமீட்டர் தள்ளினா போதும், ஓரம் நல்லாவே கொறைஞ்சிடுச்சு. லென்ஸ் அதே 1.67 தான் (லென்ஸ எவ்ளோ மெல்லிசா செய்யலாம்னு காட்டற நம்பர் இது, பெருசா இருந்தா லென்ஸ் மெல்லிசு), சின்ன ஃபிரேம் பண்ணின வேல அது. நல்ல கடைக்காரங்க "உங்க பவருக்கு இந்த ஃபிரேம் வேணாம்"னு வாயத் தொறந்து சொல்லுவாங்க, வெப்சைட் ஒருநாளும் சொல்லாது, நீங்க எத எடுத்தாலும் கூடைல போட்டுக்கும். கேமரால மூஞ்சில மாட்டிக் காட்டற வசதி இருக்கு, அது அழகா இருக்கான்னு பாக்கத்தான் ஆகும், மூக்குல நிக்குமான்னு சொல்லாது. நம்ம மூக்குப் பாலம் நிறைய பேருக்கு தட்டையா இருக்கும், பிளாஸ்டிக் ஃபிரேம் கன்னத்துல வந்து உக்காந்துடும், ஆன்லைன்ல வாங்கறவங்க மூக்குப் பேட் வெச்ச மெட்டல் ஃபிரேமா எடுத்தா அப்புறம் வளைச்சு சரி பண்ணிக்கலாம்.

லென்ஸ் தடிமன் விஷயத்துல கடையும் சரி, வெப்சைட்டும் சரி, ஒரே மாதிரிதான் மேல மேல ஏத்தி விப்பாங்க. 2 வரைக்கும் சாதா 1.5 போதும், 4 வரைக்கும் 1.6, அதுக்கு மேல 1.67, 1.74 எல்லாம் ரொம்ப பெரிய பவருக்குத்தான். மைனஸ் ஒண்ணுக்கு யாராவது 1.67 விக்கப் பாத்தா வேணாம்னு சொல்லுங்க. ஆனா கண் கூசாத கோட்டிங் மட்டும் போட்டுக்குங்க, ராத்திரி ஓட்டறவங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

வேரிஃபோக்கலுக்கு வர்றேன். நாப்பது தாண்டினவங்க இத ரெண்டு தடவ படிங்க. வெள்ளெழுத்து வந்துடுச்சு, ப்ரிஸ்கிரிப்ஷன்ல "ADD"னு தலைப்பு போட்ட கட்டத்துல ப்ளஸ் 1.25, 1.50ன்னு போட ஆரம்பிச்சிட்டாங்க, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி வேணும்னா வேரிஃபோக்கல். அதுல மேல தூரம், நடுல கம்ப்யூட்டர், கீழ படிக்கறது, நடுல ஓடற பாதை ரொம்ப குறுகல். அந்தப் பாதை உங்க கண்ணுக்கு நேரா எந்த உயரத்துல ஆரம்பிக்கணும்கறத, நீங்க அந்த ஃபிரேமயே மாட்டி, எப்பவும் நிக்கற மாதிரி நின்னு, எதிர்ல ஒருத்தர் உங்க கண் மட்டத்துல நின்னு லென்ஸ் மேல பேனால புள்ளி வெச்சுத்தான் அளக்கணும். எனக்கு அளந்தவங்க மொதல்ல ஃபிரேம காதுல சரியா வளைச்சு உக்கார வெச்சாங்க, அப்புறம்தான் புள்ளி வெச்சாங்க, ரெண்டு கண்ணுக்கும் உயரம் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், அத தனித்தனியா எழுதினாங்க. அப்பவும் மொத ஜோடி சரியா வரல, படி எறங்கறப்ப தரை அலை அடிச்சுது, திரும்பப் போனேன், மறுபடி அளந்து ஒரு காசும் வாங்காம லென்ஸ மாத்திக் கொடுத்தாங்க. நான் கொடுத்த காசு எதுக்குன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஆன்லைன்லயும் வேரிஃபோக்கல் விக்கறாங்க, விலை பாதிக்கும் கீழ, சிலருக்கு நல்லாவும் அமைஞ்சிருக்கு, ஆனா சராசரி முகத்த வெச்சு உயரத்த கணக்கு போடறதுங்கறது உங்க முகம் சராசரியா இருந்தா மட்டும்தான் சரியா வரும். எங்க அக்காகிட்ட நான் இதத்தான் சொன்னேன்: மொத வேரிஃபோக்கல கடைல வாங்கு, படிக்கறதுக்கு மட்டும் தனியா ஒரு ஜோடி வேணும்னா அத ஆன்லைன்ல வாங்கிக்கோ.

குழந்தைங்களுக்கு கேள்வியே இல்ல, கடை. 16 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கும், பார்வை குறைபாடுன்னு பதிவு பண்ணினவங்களுக்கும் பதிவு பெற்ற ஆப்டிஷியனோ டாக்டரோ மேற்பார்வை பண்ணித்தான் கண்ணாடி விக்கணும்னு சட்டமே இருக்கு. என் பொண்ணுக்கு ஒம்போது வயசு, ஸ்கூல்ல வெளையாடி வாரத்துக்கு ஒரு தடவ கொம்ப வளைச்சுட்டு வருவா, கடைல அந்த அம்மா ஒரு சூடு காட்டி ரெண்டு நிமிஷத்துல நிமித்தி மாட்டி விட்டுடுவாங்க, பைசா வாங்க மாட்டாங்க. அதோட 16க்குக் கீழ, இல்ல 18 வரைக்கும் முழு நேரமா படிக்கறவங்களுக்கு, அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ்.ல டெஸ்டும் ஃப்ரீ, கண்ணாடிக்கு வவுச்சரும் உண்டு, அந்த வவுச்சருக்குள்ளயே அடங்கற ஃபிரேம் எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க. ஆன்லைன்ல வாங்கி காச வீணாக்க வேணாம்.

ஃப்ரீ டெஸ்ட் பத்தி தெரியாம காசு கட்டறவங்க நம்மள்ல நிறைய. இங்கிலாந்துல 60 தாண்டினவங்க, சர்க்கரை இருக்கறவங்க, கண் அழுத்த நோய் இருக்கறவங்க, 40 தாண்டி அப்பா அம்மாவுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ பிள்ளைக்கோ கண் அழுத்த நோய் இருக்கறவங்க, சில அரசு உதவித்தொகை வாங்கறவங்க, எல்லாருக்கும் டெஸ்ட் ஃப்ரீ. ஸ்காட்லாந்துல 2006ல இருந்து அங்க இருக்கற எல்லாருக்குமே ஃப்ரீ. ஆனா 60 ஆயிடுச்சுங்கறதுக்காக மட்டும் கண்ணாடிக்கு வவுச்சர் வராது, அத குழப்பிக்காதீங்க. பவர் 10 தாண்டினவங்களுக்கு தனியா ஒரு வவுச்சர் உண்டு, கேட்டாத்தான் சொல்லுவாங்க. அப்புறம் ஐ.டி.ல நாள் பூரா ஸ்க்ரீன் பாக்கறவங்க, நீங்க கேட்டா உங்க கம்பெனி கண் டெஸ்டுக்கு காசு கட்டணும், 1992ல வந்த விதி அது, ஹெச்.ஆர்.ல ஒரு மெயில் போட்டா போதும். கண்ணாடிக்கு காசு தர்றது, ஸ்க்ரீன் பாக்கறதுக்குன்னே தனியா கண்ணாடி தேவப்பட்டா மட்டும்தான்.

ஆன்லைன்ல வாங்கறவங்க சட்டப் பக்கம் ரெண்டு மூணு விஷயம் தெரிஞ்சு வெச்சுக்கணும். ப்ரிஸ்கிரிப்ஷன் ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதினதா இருக்கணும். மத்த பொருள் மாதிரி 14 நாளுக்குள்ள புடிக்கலன்னு திருப்பித் தர்ற உரிமை இருக்குன்னு நெனைப்போம், ஆனா உங்க அளவுக்குன்னு செஞ்ச பொருளுக்கு அந்த விதி பொருந்தாது, அதனால அந்த வெப்சைட் தானா என்ன ரிட்டர்ன் பாலிசி வெச்சிருக்குன்னு ஆர்டருக்கு முன்னாடியே படிங்க, லென்ஸ் காசும் திரும்ப வருமா, ஃபிரேம் காசு மட்டுமான்னு பாருங்க. கண்ணாடியே தப்பா செஞ்சு வந்தா அது வேற, 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்து முழுக் காசும் கேக்கலாம். ஆனா என் கேஸ்ல தப்பான பி.டி.ய கொடுத்தது நான், அவங்க நான் சொன்ன மாதிரியே செஞ்சு கொடுத்துட்டாங்க, அத எங்க போய் கேக்கறது? கடைல அளவ அவங்க எடுக்கறாங்க, தப்பானா பொறுப்பும் அவங்களோடது. இத விலை வித்தியாசத்தோட சேத்துப் பாக்கணும்.

எனக்கு மனசுக்கு ஒப்பாத ஒண்ணு இருக்கு. சின்ன கடைக்குப் போய் முக்கால் மணி நேரம் ஃபிரேம் ஃபிரேமா மாட்டிப் பாத்து, அவங்க சொல்ற யோசனையெல்லாம் கேட்டுட்டு, மாடல் நம்பர ஃபோட்டோ எடுத்துட்டு வந்து ஆன்லைன்ல ஆர்டர் பண்றது. வேணாம். ஆன்லைன்னு முடிவு பண்ணிட்டா வீட்டுக்கு ஃபிரேம் அனுப்பி மாட்டிப் பாக்க விடற வெப்சைட் இருக்கான்னு தேடுங்க, இருந்தா அத யூஸ் பண்ணுங்க. ஆன்லைன்ல வாங்கின கண்ணாடிய வளைச்சு சரி பண்ண கடைக்குப் போனாலும் உண்மைய சொல்லிட்டு, காசு எவ்ளோன்னு கேட்டுட்டு கொடுங்க.

ஊருக்குப் போறப்ப செஞ்சுட்டு வந்துடலாம்னு நம்ம எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. இங்க எடுத்த ப்ரிஸ்கிரிப்ஷன கொண்டு போய், அங்க கடைல நேர்ல உக்காந்து அளவு கொடுத்து செஞ்சா ரெண்டுக்கும் நடுவுல ஒரு நல்ல வழிதான், சாதா பவருக்கு நான் தடுக்க மாட்டேன். ஆனா கெளம்பற அன்னிக்கு காலைல போய் வாங்கிட்டு வராதீங்க, அங்க இருக்கறப்பவே ஒரு வாரம் போட்டுப் பாக்கற மாதிரி மொத நாளே ஆர்டர் கொடுங்க. இன்னொரு வழியும் இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது: பழைய ஃபிரேம் நல்லா இருந்தா அத போஸ்ட்ல அனுப்பி லென்ஸ மட்டும் மாத்தி வாங்கலாம். முகத்துக்குப் பொருந்தின ஃபிரேம், பழைய லென்ஸ் சென்டரயும் அளந்துக்கலாம், எனக்கு ரெண்டாவது ஜோடி இப்ப அப்படித்தான், ஒரு தலைவலியும் இல்ல.

ஆர்டர் போடறப்ப ப்ளஸ் மைனஸ ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாருங்க, மைனஸ் 2க்கு பதிலா ப்ளஸ் 2 அமுக்கிட்டா வெப்சைட் கேள்வி கேக்காது. வலது இடது மாறாம பாருங்க. ஆக்ஸிஸ், அதாவது சிலிண்டர் எந்தக் கோணத்துல இருக்கணும்னு சொல்ற நம்பர், 1ல இருந்து 180க்குள்ள இருக்கும், 17ஐ 170ன்னு அடிச்சவங்கள எனக்குத் தெரியும். முடிஞ்சா ப்ரிஸ்கிரிப்ஷன ஃபோட்டோ எடுத்து அதையும் கூட அனுப்புங்க. கண்ணாடி வந்த உடனே ஒவ்வொரு கண்ணா மூடி கதவு நிலைய பாருங்க, கோடு நேரா இருக்கணும். ரெண்டு மூணு நாள் ஒரு மாதிரி இருக்கறது சகஜம், ஒரு வாரம் தாண்டியும் வலிச்சா, இல்ல எதாவது ரெண்டா தெரிஞ்சா என்ன மாதிரி பொறுத்துட்டு இருக்காதீங்க, திருப்பி அனுப்புங்க. வண்டி ஓட்டறவங்க மொத நாள் புதுக் கண்ணாடியோட தெருவுல நின்னு 20 மீட்டர் தள்ளி நிக்கற கார் நம்பர் பிளேட்ட படிச்சுப் பாருங்க, இங்க லைசென்ஸுக்கு அது ஒரு அளவு, அது தெளிவாத் தெரியற வரைக்கும் பழசையே போட்டு ஓட்டுங்க.